உப்புப் போட்ட கனுப்பிடி

உப்புப் போடலாமா வேண்டாமா என்று வத்சலா தன் வாழ்நாளில் யாரையும் கேட்டதில்லை. கேட்கிற ரகமில்லை அவள். ரசத்துக்குக் கையால் அள்ளிப் போடுவாள், நாக்கில் விட்டுப் பார்க்கமாட்டாள், பரிமாறினால் கச்சிதமாக இருக்கும். அப்படிப்பட்டவள் இன்று விடிகாலையில், காபி கூடக் குடிக்காமல், உப்பு ஜாடிக்குள் விட்ட கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் வடவள்ளி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். மேடையில், நேற்றுப் பொங்கலுக்கு வடித்ததில் எடுத்துவைத்த சாதம் மூன்று கிண்ணங்களில் இருந்தது. ஒன்று வெள்ளையாகவே வைக்க, ஒன்று மஞ்சளுக்கும் சிவப்புக்கும், ஒன்று தயிர் விட்டுப் பிசைய. பக்கத்தில் மஞ்சள் கொத்திலிருந்து நறுக்கிய இரண்டு இலைகள், கழுவித் துடைத்து வைத்தவை. இன்று கனு. பொங்கலுக்கு மறுநாள் காலையில், குளிப்பதற்கு முன்பே, வெட்டவெளியில் இலை போட்டுச் சாதத்தைச் சிறு சிறு உருண்டைகளாகப் பிடித்துப் பறவைகளுக்கு வைப்பார்கள். வைப்பவள் அக்காவோ தங்கையோ. வைப்பது கூடப் பிறந்தவனுக்காக. பறவைகள் வந்து தின்றால் அவன் நன்றாக இருப்பான், அவ்வளவுதான் சங்கதி. வத்சலாவுக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான், தம்பி சேது. அவனை இன்னும் கொஞ்ச நேரத்தில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்க்க உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள். மூன்று அடைப்பு. பண்டிகைக்கு மறுநாளா என்று அவன் மனைவி பிருந்தா கேட்டதற்கு, அடைப்புக்கு லீவு கிடையாது என்றாராம் டாக்டர். சாமர்த்தியமாகப் பேசுகிறார், கையும் அப்படியே சாமர்த்தியமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். கை இன்னும் உப்புக்குள்ளேயே இருந்தது.

பறவைகளுக்கு உப்பு ஆகாது. இது வத்சலா வீட்டுச் சட்டம், தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு மாடியிலிருந்து மீந்த காராச்சேவை வீசி எறிந்த புதுக் குடித்தனக்காரியிடம் படியேறிப் போய், "அதுகளுக்கு சிறுநீரகம்னு ஒண்ணு இருக்கும்மா, நம்மளைவிடச் சின்னது" என்று சொல்லிவிட்டு வந்தவள். ரொட்டி கூடாது, வயிற்றை அடைக்கும், சத்தும் கிடையாது. எண்ணெயில் பொரித்தது கூடாது. பால் கூடவே கூடாது. இதெல்லாம் கூடாது என்று சொல்பவர்கள் ஊரில் உண்டு. எது கூடும் என்று மாதாமாதம் சொல்லத் தெரிந்தவள் வத்சலா ஒருத்திதான் என்பது வத்சலாவின் தீர்மானம். தீர்மானம் தப்பும் இல்லை. மார்கழி, தையில் காலைக் குளிர் எலும்பில் இறங்கும்போது கொழுப்பு வேண்டும், வறுக்காத வேர்க்கடலையை ஊறவைத்து ஒன்றிரண்டாக நசுக்கிப் போடவேண்டும், தேங்காய்த் துருவலும் கொஞ்சம். பங்குனி பிறந்தால் கடலையை நிறுத்திவிட வேண்டும், வெயிலில் சிக்கு வாடை வந்துவிடும். அப்புறம் பப்பாளி, தர்ப்பூசணித் தோல், வெள்ளரிக்காய், எல்லாவற்றுக்கும் மேலாக மண்சட்டியில் தண்ணீர், குஞ்சுப் பறவை விழுந்தால் ஏறிவர நடுவே ஒரு கல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று வந்து மரத்தைப் பிடித்து உலுக்கும்போது தவிட்டுக்குருவிகள் குஞ்சு பொரித்திருக்கும். குஞ்சுக்குத் தானியம் உதவாது, புழு வேண்டும். புழுவை வத்சலா எங்கே போய் வாங்குவாள்? வேலைக்காரியிடம் தோட்டத்துச் சருகைப் பெருக்காதே என்று சொல்லிவிடுவாள். சருகுக்கு அடியில் தானாக வரும். முட்டையிடுகிற காலத்தில் ஓடு வலுவாக இருக்கவேண்டும் என்று பக்கத்து வீட்டு மேரி டீச்சரிடமிருந்து முட்டை ஓடு வாங்கிக் கழுவிக் காயவைத்து இடித்துத் தூவியவள் இவள். முட்டை ஓடு வந்த அன்று அவள் கணவர் நாகராஜன் வாசலையும் கொல்லையையும் மாறி மாறிப் பார்த்தார், "யாரானும் பாத்தா என்ன சொல்லுவா?" என்று ஒரு தரம் கேட்டார், அப்புறம் அவரே உரலை எடுத்துக் கொடுத்தார். ஐப்பசி மழையில் கம்பும் தினையும் நனைந்தால் பூஞ்சை பூக்கும். அதனால் ஒரு கைப்பிடிக்கு மேல் போடுவதில்லை, அதையும் கூரைக்கு அடியில். இத்தனையும் அவளுக்கு மனப்பாடம். கனுவன்று மட்டும் சாத்திரம் ஒரு பக்கம், சிறுநீரகம் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு நிற்கும். அதற்கும் அவள் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டாள். ஒரு கனுவன்று மதியம் இலைக்குப் பக்கத்தில் ஒரு சில்லைக் குருவி, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், காலை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. உப்பினாலா, சிவப்புச் சாதத்தில் கலந்த சுண்ணாம்பினாலா, வேறு எதனாலோ, யார் கண்டது. அடுத்த வருஷத்திலிருந்து உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, நிறமும் இல்லை. வெறும் சாதம், வாழைப்பழத் துண்டு, ஊறிய கடலை. சேது அதற்குப் பத்தியக் கனு என்று பேர் வைத்தான். போனில் சிரிப்பான். "என் ஆயுசுக்கு உப்புச் சப்பில்லாத சோறா வெக்கறே? அதான் எனக்கு இப்படிச் சப்புன்னு ஒரு வாழ்க்கை."

அந்தச் சேதுதான் நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டான். சாமி, பூதம், நல்ல நேரம், ராகு காலம் எதுவும் இல்லாதவன். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று பொரி தின்றவன். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அக்கா, நாளைக்குக் கனு வெப்பியோன்னோ?" என்றான். "வெக்காம? எந்த வருஷம் விட்டேன்?" என்றாள். "இல்லே, இந்த வருஷம் பழையபடி வை. செகப்பு, மஞ்ச, உப்புப் போட்டுத் தயிர் சாதம். அம்மா வெப்பாளே, அந்த மாதிரி." அவனே அவசரமாகச் சேர்த்துக்கொண்டான், "உன் பட்சிகளுக்கு ஒரு நாள் பிரஷர் ஏறினா ஒண்ணும் ஆயிடாது." சிரித்தான். சிரிப்பு ஒரு விநாடி நீண்டுவிட்டது, அவ்வளவுதான், வேறு யாராவதாக இருந்தால் கவனித்திருக்கமாட்டார்கள். நீ இங்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய், கனுவை முடித்துக்கொண்டு சாயங்காலம் வண்டி ஏறு, கண் விழித்துப் பார்க்கும்போது நீ இருந்தால் போதும் என்றும் அவன்தான் சொன்னான். அப்படியானால் கண் விழிப்பான். கண் விழிக்கிற உத்தேசம் இருப்பவன்தானே அப்படிச் சொல்வான். ஆனால் உத்தேசம் இருப்பவன் எதற்குச் சிவப்புச் சாதம் கேட்கவேண்டும்? இங்கே வந்துதான் நேற்று இரவிலிருந்து அவள் நினைப்பு முள்ளில் மாட்டிய புடவைத் தலைப்பாக நின்று நின்று போனது. இழுத்தால் கிழியும், விட்டால் நகராது. பயந்துவிட்டான். என் சேது பயந்துவிட்டான். பயந்தவனிடம் சிறுநீரகம் பற்றிப் பேசுவதா? பறவைக்கு ஆகாது என்று தெரிந்து வைப்பதா? அவனுக்குத் தெரியாமல் பத்தியமாகவே வைத்துவிட்டுப் பழையபடி வைத்தேன் என்று சொல்லிவிடலாம். சொல்லலாம். ஆனால் பறவை விஷயத்தில் வத்சலா பொய் சொன்னதாக இதுவரை சரித்திரம் இல்லை. வால்காக்கையைப் பார்த்துவிட்டுக் குயில் என்று சொன்ன சம்பந்தியையே சபையில் திருத்தியவள்.

இரவு ஒரு யோசனை வந்திருந்தது. பீட்ரூட். துருவிப் பிழிந்தால் சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு, உடம்புக்கும் நல்லது. மஞ்சள் எப்படியும் கெடுதல் இல்லை. தயிர்சாதத்தில் உப்பை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சேதுவுக்கும் ஆச்சு, குருவிக்கும் ஆச்சு. தன் புத்திசாலித்தனத்தை அவளே மெச்சிக்கொண்டு தூங்கினாள். விடிந்து எழுந்து காய்கறிக் கூடையிலிருந்து பீட்ரூட்டைக் கையில் எடுத்தபோது அது பீட்ரூட்டாகத்தான் இருந்தது. அம்மா பீட்ரூட்டா பிழிந்தாள்? பெரம்பூர் மாடியில், அரக்கு நிறக் கண்டாங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மஞ்சள் கலந்த சாதத்தில் மிளகளவு சுண்ணாம்பைத் தொட்டு வைத்துப் பிசைவாள், பிசையப் பிசைய மஞ்சள் கண்ணெதிரே சிவப்பாகும். சேது வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். அவனுக்குத் தன் வாழ்க்கையில் மந்திரம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த ஒன்றுதான். அவன் கேட்டது அது. பீட்ரூட்டைக் கூடையில் திருப்பிப் போட்டாள். நாகராஜன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். பஞ்சாலைச் சோதனைக்கூடத்தில் நூலின் முறுக்கைப் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் சட்டென்று சொல்லமாட்டார். "என்ன வத்சு, ஜாடிக்குள்ள கைய விட்டுண்டு நிக்கறே?"

"ஏன்னா, உப்புப் போடட்டுமா?"

அவர் அயர்ந்து போனார். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்தக் கேள்வி அவரிடம் வந்ததில்லை. "எனக்கென்னடி தெரியும்? நீ எது போட்டாலும் நான் சாப்பிடுவேன்."

"உங்களுக்கில்லே. கனுவுக்கு."

அவர் மூன்று கிண்ணங்களையும் பார்த்தார். மேடை ஓரத்தில் இருந்த சுண்ணாம்பு டப்பாவையும் பார்த்தார், வெற்றிலை போடாத வீட்டில் அது நேற்றுக் கடையில் வாங்கி வந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "சேது கேட்டானா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். "அப்போ போடு" என்று சொல்லிவிட்டு மப்ளரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார், பேப்பர் வந்துவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி. பேப்பர் இன்று வராது, பொங்கல் விடுமுறை. வத்சலா உப்பை அள்ளினாள். அளவோடுதான் அள்ளினாள், அந்தக் கை தப்புச் செய்யாது. தயிரில் போட்டுப் பிசைந்தாள். மஞ்சள் சாதத்தில் பாதியை எடுத்துச் சுண்ணாம்பு தொட்டுப் பிசைந்தாள். விரலுக்கு அடியில் நிறம் மாறியது. அறுபத்து மூன்று வயதிலும் அது அவளை ஒரு விநாடி நிறுத்தத்தான் செய்தது, உள்ளே என்னமோ குளிர்ந்தது. சரியாகிவிடும். எனக்குத் தெரியும், சரியாகிவிடும். சேதுவுக்கு எட்டு வயதில் டைபாய்டு வந்து டாக்டர் கையை விரித்தபோதும் அவளுக்குத் தெரிந்திருந்தது, எல்லோரும் அழுதார்கள், அவள் மட்டும் அழாமல் அவன் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். அழாதவள் கல்நெஞ்சுக்காரி என்று ஒரு சித்தி சொன்னாள். சேது பிழைத்து அட்டை போட்ட புத்தகத்தோடு பள்ளிக்கூடம் போனான்.

தோட்டம் பெரிதில்லை. ஒரு சப்போட்டா, ஒரு முருங்கை, சுவரோரம் செம்பருத்தி, மூலையில் கறிவேப்பிலை. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும், ஆனால் வத்சலா அதைப் பற்றிப் பேசும்போது கேட்பவர்களுக்குப் பத்து ஏக்கர் மாதிரி இருக்கும். வெளியே வந்தவள் முதலில் செய்த காரியம் இலை போட்டது அல்ல. வழக்கமான தட்டைத்தான் வைத்தாள், சப்போட்டாவுக்கு அடியில், கல் மேல், தை மாதத்துக்கு உரிய ஊறவைத்த கடலையும் தேங்காய்த் துருவலும் கம்பும் உப்பில்லாத பழைய சாதமும். ஏன் வைத்தாள் என்று கேட்டால் தினமும் வைக்கிறாள், வைத்தாள். கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. நாளுக்கு முதல் வேலை தட்டு, அப்புறம்தான் பால், அப்புறம்தான் புருஷன். தட்டை வைத்துவிட்டு முற்றத்து நடுவில் சின்னதாகக் கோலம் போட்டு, மஞ்சள் இலைகளை விரித்து, உட்கார்ந்து உருண்டை பிடித்தாள். வெள்ளை ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை, நடுவில் தயிர்சாதம், ஓரத்தில் கரும்புத் துண்டும் வாழைப்பழமும். அழகாகத்தான் இருந்தது. பத்தியக் கனு கண்ணுக்கு இப்படி இருந்ததில்லை, அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி வெளுப்பாக இருக்கும். ஆஸ்பத்திரி. அந்த வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு, கனுவுக்கு வழக்கமாகச் சொல்லும் வரிகளை முணுமுணுத்தாள். காக்காய்க்கும் குருவிக்கும் விருந்து, என் தம்பிக்கு ஆயுசு. சொல்லிவிட்டு எழுந்து ஐந்தாறு அடி பின்னால் போய்ச் செம்பருத்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். போன் இடுப்பில் செருகியிருந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது பிருந்தா கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

முதலில் வந்தது கொண்டைக்குருவி, தம்பதியாக. சுவரில் உட்கார்ந்து இலையைப் பார்த்தன, தட்டைப் பார்த்தன, தட்டுக்குப் போயின. போகட்டும், கொண்டைக்குருவி அரிசிக்கு ஆசைப்படுகிற ஜீவன் இல்லை. வாழைப்பழம் இலையிலும் இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் அவை தட்டுக்குத்தான் போயின. மைனா ஒன்று புல்லில் நடந்து வந்தது, வரி வசூலிக்க வந்ததைப் போல இலையை ஒரு சுற்றுச் சுற்றியது, தலையைச் சாய்த்துச் சிவப்பைப் பார்த்தது, தட்டுக்குப் போய்க் கடலையைக் கொத்தியது. காக்காய் வரும், காக்காய்க்கு உப்பும் சுண்ணாம்பும் ஒரு பொருட்டில்லை, சோப்பைத் தின்றே செரித்துவிடும். காக்காய் எதிர்வீட்டு மதிலில்தான் இருந்தது. இவளை நன்றாகத் தெரியும் அதற்கு. ஆனால் அங்கே சர்க்கரைப் பொங்கல், நெய் வழிய, முந்திரியோடு. தெருவில் இன்று எல்லா வீட்டிலும் பொங்கலும் வடையும்தான், காக்காய்க்குக் கல்யாண வீடு, நம் வீட்டு உப்புச் சாதத்துக்கு எதற்கு இறங்கி வரப்போகிறது. வராவிட்டால்? வராவிட்டால் ஒன்றும் இல்லை, பறவை தின்றால்தான் ஆபரேஷன் பலிக்கும் என்று எந்த டாக்டர் சொன்னார்? வத்சலா இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. வழக்கம் என்று செய்வாள், நம்பிக்கை என்று செய்வதில்லை, இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் இன்று காலையில் எங்கே போய்த் தொலைந்தது என்றுதான் தெரியவில்லை. உள்ளே போகும்போது குளிருமாம். கம்பளி போர்த்துவார்களாம், இருந்தாலும் குளிருமாம், மேரி டீச்சரின் வீட்டுக்காரர் சொன்னார். நெஞ்செலும்பை அறுத்துத்தான் திறப்பார்கள் என்றும் சொன்னார், அதை அவர் சொல்லியிருக்கவேண்டாம். சேதுவின் நெஞ்சு ஒல்லி. சட்டையில்லாமல் கிணற்றடியில் நின்றால் எலும்பை எண்ணலாம். இதயத்தை நிறுத்திவிட்டு மிஷினில் ஓட்டுவார்களாம். நிறுத்திவிட்டு. நிறுத்தினதைத் திரும்ப ஓடவிடுவது அவர்களுக்குத் தினப்படி வேலை, நூல் மில்லில் மிஷினை நிறுத்தி ஓட்டுகிற மாதிரி. வத்சலா இலையைப் பார்த்தாள். வெயில் இலை மேல் ஏறத் தொடங்கியிருந்தது. சாதம் விளிம்பில் காய்ந்தது.

தவிட்டுக்குருவிகள் வந்தன. அவை எப்போதும் ஒரு கும்பலாகத்தான் வரும், கூச்சல் முதலில் வரும், குருவி பின்னால் வரும். நேரே தட்டுக்கு. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, தேங்காய்த் துருவலை வாரி இறைத்துக்கொண்டு, மைனாவை விரட்டிக்கொண்டு. அப்போதுதான் வத்சலாவுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக எது நல்லது எது கெட்டது என்று பார்த்துப் பார்த்துப் போட்டு வளர்த்தது அவள். இவற்றின் அம்மாவுக்கும் பாட்டிக்கும் போட்டவள் அவள். நல்லது பக்கத்திலேயே இருக்கும்போது கெட்டதை ஏன் தொடும்? தானே பழக்கிவிட்டுத் தானே எதிர்பார்த்து நிற்கிறாளே, இவளைவிட அசடு உண்டா? தட்டை எடுத்துவிட்டால் போதும். பசியோடு இருப்பவை, இலைக்கு வந்துவிடும். ஒரு நாள்தானே. சேதுவே சொன்னானே, ஒரு நாள் பிரஷர் ஏறினால் ஒன்றும் ஆகாது. ஒரு பிடி உப்புக்கு எத்தனை குருவி, ஒரு குருவிக்கு எத்தனை பருக்கை, கணக்குப் போட்டால் ஒன்றுமே இல்லை. அந்தச் சில்லை வேறு எதனாலோகூடச் செத்திருக்கலாம். என் தம்பி பெரிசா, குருவி பெரிசா? கேள்வியே தப்பு. தம்பிதான். தம்பிதான், தம்பிதான் என்று சொல்லிக்கொண்டே சப்போட்டாவுக்கு அடியில் போய்த் தட்டைத் தூக்கினாள். தவிட்டுக்குருவிகள் காலடியில் நின்று அவளைத் திட்டின, பின்னே திட்டாமல் என்ன செய்யும். தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். ஒன்று மட்டும், வால் ஓரத்தில் இறகு உதிர்ந்த ஒன்று, குதித்துக் குதித்து முற்றத்துக்குப் போனது. இலை ஓரத்தில் ஏறியது. வெள்ளையைத் தாண்டியது, மஞ்சளைத் தாண்டியது. சிவப்பு உருண்டை முன்னால் நின்று கழுத்தை நீட்டியது. வா. எடு. என் கண்ணே, எடு. அது ஒரு பருக்கையை அலகில் எடுத்தது. "ஹூஷ்!" என்று ஒரு சத்தம். கையை வீசிக்கொண்டு, தட்டுக் கடலை நாலா பக்கமும் சிதற, ஓடியது வத்சலாதான். குருவி பருக்கையைப் போட்டுவிட்டு முருங்கைக்குப் பறந்தது. கும்பல் மொத்தமும் பின்னாலேயே பறந்தது. முற்றத்தில் ஒரு ஜீவன் இல்லை. அவள் வீசிய கை இன்னும் மேலேயே இருந்தது. என்ன செய்துவிட்டேன். அடி பாவி, தின்ன வந்ததை விரட்டிவிட்டாயேடி. இன்றைக்குப் போய், இந்த வேளையில் போய், உன் கையாலேயே. நெஞ்சு அடித்துக்கொண்டது. இடுப்பில் போனும் அதிர்ந்தது, எது நெஞ்சு எது போன் என்று தெரியவில்லை.

பிருந்தா இல்லை. சேதுவே.

"அக்கா, இன்னும் கூட்டிண்டு போகலே. ஸ்ட்ரெச்சர் வந்துடுத்து, போன் பிருந்தா கிட்ட குடுத்துடணுமாம். வெச்சியா?"

"வெச்சாச்சு." குரல் அவளுடைய குரலாகவே வந்தது, அதற்கு அவள் தனக்கே நன்றி சொல்லிக்கொண்டாள்.

"பழையபடி?"

"பழையபடிதான். உப்பு, சுண்ணாம்பு எல்லாம். பிசையறச்சே செகந்துதுடா, பாக்கணும் நீ."

அந்தப் பக்கம் யாரோ சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, கேட்க வெட்கப்படுகிறவன் போல, "வந்துதா?" என்றான்.

வத்சலா முற்றத்தைப் பார்த்தாள். இலை, வரிசை வரிசையாக, கலையாமல். "வராம? எல்லாம் வந்துது. காக்கா வந்துது, மைனா வந்துது, தவிட்டுக்குருவி கும்பலா வந்துது. இலைய ரெண்டு பண்ணிடுத்து. வால்காக்கை ஒண்ணு வந்து தயிர்சாதத்தை முழுங்கித்து. இப்போ ஆறுமணிக்குருவி உக்காந்து தின்னுண்டிருக்கு."

"ஆறுமணிக்குருவியா?" அவன் குரலில் பழைய சேது எட்டிப் பார்த்தான். "அது புழுதானே திங்கும்? சோத்தைத் திரும்பிக்கூடப் பாக்காதுன்னு போன வருஷம் எங்கிட்ட அரை மணி நேரம் லெக்சர் அடிச்சியே."

மாட்டிக்கொண்டாள். பறவை விஷயத்தில் வாழ்க்கையில் முதல் பொய், அதையும் பறவை தெரிந்த பொய்யாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வத்சலா பின்வாங்குகிற ரகமில்லை. "இன்னிக்குத் தின்னுது" என்றாள். "நான் பாத்துண்டு நிக்கறேன், உனக்கென்ன தெரியும் அங்கே படுத்துண்டு?"

"எதைத் தின்னுது?"

"செகப்பை. செகப்பைத்தான் முதல்ல எடுத்துது."

சேது சிரித்தான். இந்த முறை சிரிப்பு சரியான இடத்தில் நின்றது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. "அப்போ சரி" என்றான். "அப்போ சரிக்கா. கூப்பிடறா." பிருந்தாவின் வளையல் சத்தம் கேட்டது, போன் கை மாறியது, "அக்கா, அப்புறம் பேசறேன்" என்றாள் பிருந்தா, போன் அணைந்துபோயிற்று.

வத்சலா போனை இடுப்பில் செருகினாள். செருகியது நழுவியது, மறுபடி செருகினாள். தட்டைக் கொண்டுபோய்ச் சப்போட்டாவுக்கு அடியில் அதன் கல் மேல் வைத்தாள், சிதறிய கடலையைப் பொறுக்கி அதில் போட்டாள். முருங்கையில் கூச்சல் மறுபடி தொடங்கியது, அவை வந்துவிடும், கோபத்தை ரொம்ப நேரம் வைத்திருக்கத் தெரியாதவை. அவற்றை நம்பி ஒரு காரியமும் இல்லை. நம் வீட்டுக் காரியத்துக்கு அவை என்ன செய்யும். முற்றத்துக்கு வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு இலைக்கு முன்னால் குத்திட்டு உட்கார்ந்தாள். சொன்னது சொன்னதுதான். யாராவது தின்றாக வேண்டும். அவள் சிவப்பு உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். காய்ந்து போயிருந்தது. சுண்ணாம்பு நாக்கை அறுத்தது, மஞ்சள் கசந்தது. வாசல் பக்கத்திலிருந்து வந்த நாகராஜன் மப்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "வத்சு, என்னடி பண்றே?" அவள் திரும்பவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை, கை காலியாக இல்லை. மென்று, விழுங்கி, அடுத்த உருண்டையை எடுத்தாள்.